பெட்ரோல் காரா, டீசல் காரா? முதல் கார் வாங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் வாங்கப் போகிறேன் என்று சொன்னதுமே, "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று கேட்பார்கள். நிறைய ஓட்டினால் டீசல், கொஞ்சமாக ஓட்டினால் பெட்ரோல் என்று பதிலையும் அவர்களே சொல்லிவிடுவார்கள். பழைய டீசல் கார்களுக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. டீசல் காரின் புகைக்குழாயில் வடிகட்டி வந்துவிட்ட பிறகு அது போதாது. ஒரு தடவை சாவியைத் திருப்பினால் வண்டி எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடுகிறது என்பதைத்தான் இன்று முதலில் கேட்க வேண்டும்.

மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடும் இரண்டு கார்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வாரம் ஒருமுறை நெடுஞ்சாலையில் 250 கிலோமீட்டர் போய்வருகிறது. மற்றது தினமும் ஏழெட்டுத் தடவை, தடவைக்கு நாலு கிலோமீட்டர் என்று ஊருக்குள்ளேயே சுற்றுகிறது. மாதக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் முதல் காருக்கு டீசல் அருமையாகப் பொருந்தும். இரண்டாவதை டீசலாக வாங்கினால், மிச்சம் பிடித்த காசை எல்லாம் ஒரே ஒரு பழுது விழுங்கிவிடும். இதற்கான காரணம் புரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்த மாதிரி.

படி 1: இரண்டும் எப்படி எரிகின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெட்ரோல் எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் போகும். பிஸ்டன் அதைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு, சில எஞ்சின்களில் அதற்கும் சற்றுக் கூடுதலாக, அழுத்தும். பிறகு ஸ்பார்க் பிளக் ஒரு பொறி தட்டும், கலவை பற்றிக்கொள்ளும். 1876-இல் நிக்கோலாஸ் ஓட்டோ ஓட்டிக் காட்டிய நான்கு வீச்சு எஞ்சினின் முறைதான் இன்றும் தொடர்கிறது.

டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. உள்ளே போவது வெறும் காற்று. அதைப் பதினைந்தில் ஒரு பங்கு, பதினெட்டில் ஒரு பங்கு வரை நெருக்குவார்கள். அந்த நெருக்கலிலேயே காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேறிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பனித்துளி போலப் பீய்ச்சினால் தானாகவே எரியும். ருடால்ஃப் டீசல் 1890-களில் செய்துகாட்டியது இதைத்தான். அவர் பெயரே எரிபொருளுக்கும் வந்துவிட்டது. எல்லா சிலிண்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் இப்போதைய காமன் ரெயில் எஞ்சின்களில், அப்படிப் பீய்ச்சும் அழுத்தம் 2,000 பாரைத் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) தொடும். வண்டி டயரில் நாம் அடிக்கும் காற்று இரண்டரை பார் சொச்சம்தான்.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் பிறக்கின்றன. ஒன்று, அதிக அழுத்தத்தால் டீசலின் வெப்பம் வீணாகாமல் வேலையாக மாறுகிறது, அதனால் மைலேஜ் கூடுகிறது. இரண்டு, அந்த அழுத்தத்தைத் தாங்க எஞ்சின் கனமாக இருக்க வேண்டும். பம்பும், டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும் மிக நுணுக்கமாகச் செய்யப்பட வேண்டும். டீசல் கார் விலை கூடுவதற்கும், பழுதானால் செலவு பிடிப்பதற்கும் இதுதான் காரணம். மூன்றாவது புகை. அதைப் படி 3-இல் விரிவாகப் பார்க்கலாம்.

மைலேஜைப் பற்றி இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீசல் பெட்ரோலைவிட அடர்த்தியானது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கும் கூடுதலான ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஆகவே டீசல் கார் காட்டும் கூடுதல் மைலேஜில் ஒரு பகுதி எஞ்சினின் திறமை, ஒரு பகுதி எரிபொருளின் அடர்த்தி. கரியமில வாயு விஷயத்திலும் இது உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வரும். டீசல் என்றால் சுமார் 2.65 கிலோ. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் கிலோமீட்டருக்கு 153 கிராம் விடுகிறது. 20 தரும் டீசல் கார் 132 கிராம் விடுகிறது. மைலேஜில் மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் தெரிந்தாலும், வாயுவில் ஏழில் ஒரு பங்குதான் குறைகிறது.

படி 2: இரண்டு வாரம் குறித்து வையுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. காசு செலவில்லை, ஆனால் பெரும்பாலானவர்கள் செய்வதே இல்லை. இப்போது எந்த வண்டியில் போனாலும் சரி, இரண்டு வாரத்துக்கு ஒவ்வொரு பயணத்தையும் போனிலோ ஒரு சின்ன நோட்டிலோ குறித்துக்கொள்ளுங்கள். மூன்றே விவரங்கள் போதும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம், கிளம்பும்போது எஞ்சின் ஆறியிருந்ததா சூடாக இருந்ததா.

இரண்டு வாரம் முடிந்ததும் கூட்டிப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். பெரும்பாலான வரிகள் பதினைந்து நிமிடத்துக்குள் முடிகின்றனவா? ஆறிய எஞ்சினோடு கிளம்பி, அது சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறீர்களா? அப்படியானால் உங்களுக்குப் பெட்ரோல். வாரம் ஒரு தடவையாவது, அரை மணி நேரமாவது, மணிக்கு 60-70 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் ஓடும் வரி ஒன்று இருக்கிறதா? அப்படியானால் டீசலைப் பற்றி யோசிக்கலாம். யோசிக்கலாம் என்றுதான் சொல்கிறேன். பணக் கணக்கு இன்னும் பாக்கி.

வேலை மாறப் போகிறது, வீடு மாறப் போகிறது என்றால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வருடம் இரண்டு தடவை போகும் நீண்ட பயணத்தை மட்டும் கணக்கில் எடுக்காதீர்கள். கார் வாங்கும்போது மனதில் ஓடுவது அந்த நீண்ட பயணம்தான். வாங்கிய பிறகு வண்டி ஓடுவதெல்லாம் பள்ளிக்கூடம், அலுவலகம், கடை.

படி 3: டீசல் காரின் வடிகட்டியைப் புரிந்துகொள்ளுங்கள்

டீசல் எரியும்போது நுண்ணிய கரித்துகள் வரும். அது நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை, மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்ட பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. இந்தத் துகளைப் பிடிப்பதற்காக இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் பீங்கான் போன்ற பொருளால் ஆன ஒரு வடிகட்டி இருக்கும். மெக்கானிக்குகள் டிபிஎஃப் என்பார்கள். இது இருப்பது நல்லதுதான், மிகவும் நல்லது. பின்னால் வருபவர்கள் மூச்சுவிடுவதே இதன் புண்ணியத்தில்தான். ஆனால் இதற்கென்று ஒரு தேவை உண்டு.

வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். சேர்ந்த கரியை எரித்துப் போக்க, வடிகட்டி 600 டிகிரி அளவுக்குச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு ஓடும்போது இதில் கொஞ்சம் தானாகவே எரியும். மற்ற நேரங்களில் காரின் கணினியே ஒரு கட்டத்தில் முடிவெடுத்து, வழக்கத்தைவிடக் கூடுதலாக டீசலைப் பீய்ச்சிப் புகையைச் சூடாக்கும். இது முடியப் பத்து முதல் இருபது நிமிடம் ஆகலாம். ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. கவனித்தால் சில அடையாளங்கள் பிடிபடும். நிற்கும்போது எஞ்சின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும். உடனடி மைலேஜ் காட்டும் எண் திடீரென்று விழும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் பலமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சூடான உலோக வாடை ஒன்று வரும்.

அந்த நேரம் பார்த்து வீடு வந்துவிட்டது, அணைத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒரு தடவை என்றால் ஒன்றும் ஆகாது. அடுத்த ஓட்டத்தில் மறுபடி முயற்சி செய்யும். ஒவ்வொரு தடவையும் நாலு கிலோமீட்டரிலேயே அணைத்தால், வேலை எப்போதும் பாதியிலேயே நிற்கும். கரி ஏறிக்கொண்டே போகும். கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் எரியாத பங்கு சிலிண்டர் சுவரோரமாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தால் அளவு ஏறியிருக்கும். முகர்ந்தால் டீசல் வாடை அடிக்கும். பொதுவாக ஆயில் அளவு குறையுமே தவிர ஏறாது. ஏறியிருந்தால் உடனே சர்வீசுக்குக் கொண்டுபோக வேண்டும், ஏனென்றால் நீர்த்துப்போன ஆயில் பேரிங்கையும், எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவையும் தேய்த்துவிடும்.

முதலில் டேஷ்போர்டில் வடிகட்டி விளக்கு எரியும். அந்தக் கட்டத்தில் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் சீராக ஓட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். விளக்கைப் பொருட்படுத்தாமல் விட்டால், வண்டி தானாகவே சக்தியைக் குறைத்துக்கொண்டு தவழ ஆரம்பிக்கும். அதற்குப் பிறகு ஒர்க்‌ஷாப்தான் கதி. புது வடிகட்டி மாற்ற வேண்டி வந்தால் பில்லைப் பார்த்து மலைத்துப் போவீர்கள்.

போக்குவரத்து நெரிசலில் பெட்ரோல் கார் டீசலைவிட அதிகமாகக் குடிக்கும் என்று சொல்வது உண்மைதான். பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு மூடித் திறக்கிறது. லேசாக ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது எஞ்சின் அந்த இடுக்கு வழியாகத்தான் காற்றை இழுக்க வேண்டும். அதற்கே சக்தி செலவாகிறது. டீசலில் பெரும்பாலும் அந்தத் தடை இல்லை. ஆகவே நெரிசலில் எரிபொருளை மிச்சம் பிடிப்பது டீசல்தான். ஆனால் அதே நெரிசலில் வடிகட்டி சூடேறுவதில்லை. தினம் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டு வேலைக்குப் போய்வருபவர் டீசலையே விரும்பினால், வாரம் ஒருமுறை வண்டியை ஊருக்கு வெளியே கொண்டுபோய் அரை மணி நேரம் ஓட்டும் பழக்கம் அவருக்கு இருக்க வேண்டும். முடியாது என்றால் பெட்ரோல்-ஹைபிரிட் காரைப் பாருங்கள். ஊர்ந்து போகும்போது மோட்டாரில் ஓடி, பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தை மீட்டுக்கொள்ளும் வண்டி நெரிசலுக்கென்றே செய்தது போல இருக்கும்.

கரி எரிந்தாலும், எஞ்சின் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் உள்ளேயேதான் இருக்கும். ஓடிய தூரத்தோடு அது கூடிக்கொண்டே போகும். அதனால் நன்றாக ஓட்டிய வண்டியிலும் ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டர் வாக்கில் வடிகட்டியைச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டி வரலாம். சாம்பல் குறைவாக வர, டிபிஎஃப் உள்ள காருக்கென்றே குறைந்த சாம்பல் தரும் ஆயில் உண்டு. கையேட்டில் எந்த ரகம் சொல்லியிருக்கிறதோ அதைத்தான் ஊற்ற வேண்டும். "எல்லா ஆயிலும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லும் இடத்தில் ஆயில் மாற்றாதீர்கள்.

வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கணினியையும் ஏமாற்றி ஓட்டலாம் என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். சட்டத்தை விடுங்கள், அந்தப் புகையைச் சுவாசிப்பது தெருவில் நடந்து போகும் பிள்ளைகள். தயவுசெய்து அந்த யோசனையைக் காதிலேயே வாங்காதீர்கள்.

படி 4: பணக் கணக்கை லிட்டரில் போடுங்கள்

ஒரே காரின் பெட்ரோல் ரகத்துக்கும் டீசல் ரகத்துக்கும் விலையில் வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் எத்தனை கிலோமீட்டரில் திரும்பக் கிடைக்கும் என்பதுதான் கேள்வி. எரிபொருள் விலை மாறிக்கொண்டே இருப்பதால், இந்தக் கணக்கைப் பணத்தில் போடுவதைவிட லிட்டரில் போடுவது சுலபம்.

இரண்டு காரின் கடைசி விலையையும் எழுதுங்கள். பதிவுக் கட்டணம், வரி, காப்பீடு எல்லாம் சேர்ந்த விலை. வித்தியாசத்தை ஒரு லிட்டர் பெட்ரோல் விலையால் வகுங்கள். உதாரணத்துக்கு 1,000 லிட்டர் என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தருகிறது, டீசல் கார் 20 தருகிறது. 10,000 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காருக்கு 667 லிட்டர் வேண்டும், டீசலுக்கு 500. லிட்டர் விலை இரண்டுக்கும் ஒன்றாக இருந்தால் மிச்சம் 167 லிட்டர். அப்படியானால் 1,000 லிட்டர் மிச்சமாக 60,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அது எட்டு வருடத்துக்கும் மேல். தினம் 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு மூன்று வருடத்துக்குள்.

இப்போது லிட்டர் விலையை மாற்றிப் பாருங்கள். டீசல் பெட்ரோலைவிடப் பத்து சதவீதம் மலிவு என்றால், 60,000 என்பது 46,000 ஆகக் குறையும். பத்து சதவீதம் கூடுதல் என்றால் 86,000 கிட்டே போய்விடும். டீசலுக்குத் தரும் வரிச் சலுகையை அரசு நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். எட்டு வருடத்தில் லாபம் தருகிற முடிவை இன்றைய விலையை நம்பி எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மூன்று, மூன்றரை வருடத்துக்குள் வித்தியாசம் திரும்பினால் டீசல் வாங்குங்கள். ஐந்து வருடத்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள். நடுவில் விழுந்தால் படி 2-இல் எழுதிய நோட்டு சொல்வதைக் கேளுங்கள்.

மைலேஜ் எண்ணை எங்கிருந்து எடுப்பது? விளம்பரத்தில் போடுவது ஆய்வுக்கூடத்தில் எடுத்த எண். சாலையில் அது வராது. அதே கார் வைத்திருக்கும் ஒருவரிடம் கேளுங்கள். டேஷ்போர்டு காட்டுவதைச் சொன்னால், டேங்க் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பம்பில் எரிபொருள் ஊற்றும் துப்பாக்கி தானாக நிற்கும் வரை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்கி, டேங்க் முக்கால்வாசி தீரும் வரை ஓட்டி, மறுபடியும் தானாக நிற்கும் வரை நிரப்ப வேண்டும். ஓடிய கிலோமீட்டரை இரண்டாவது தடவை பிடித்த லிட்டரால் வகுத்தால் உண்மையான மைலேஜ் வரும். ஏசி போட்டு ஓட்டினாரா, தனியாகவா குடும்பத்தோடா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

சர்வீஸ் செலவையும் இதே கணக்கில் சேர்க்க வேண்டும். பெட்ரோல் காரில் ஆயில், ஏர் ஃபில்டர், குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை ஸ்பார்க் பிளக் என்று செலவு சுருக்கமாக முடியும். டீசலில் ஆயில் கூடுதலாகப் பிடிக்கும். டீசல் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றியாக வேண்டும், அதில் சேரும் தண்ணீரை வடிக்கவும் வேண்டும். இன்ஜெக்டர், டர்போ, புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு, குளிரில் கிளப்ப உதவும் குளோ பிளக் எல்லாம் வருடங்கள் போகப்போகக் கணக்கில் வரும். பல டீசல் கார்களில் யூரியாக் கரைசல் ஒன்றும் ஊற்ற வேண்டும். ஆட்புளூ என்ற பெயரில் கிடைக்கும், அதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான நீர். அது தீர்ந்துபோனால் அணைத்த வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாது. முன்கூட்டியே பல தடவை எச்சரிக்கை வரும் என்பதால் பயப்பட வேண்டியதில்லை.

பெட்ரோலிலும் எல்லாம் ஒரே ரகம் இல்லை. டர்போ இல்லாத, வால்வுக்கு முன்னால் பெட்ரோலைப் பீய்ச்சுகிற பழைய பாணி எஞ்சின்தான் பராமரிக்க மிகவும் லேசானது. சிலிண்டருக்குள் நேரடியாகப் பீய்ச்சும் சிறிய டர்போ எஞ்சின்கள் நல்ல இழுவை தருகின்றன. ஆனால் வால்வைப் பெட்ரோல் கழுவாததால் அங்கே கார்பன் படியும், நல்ல ஆயிலை நேரத்துக்கு மாற்றவில்லை என்றால் டர்போவும் பழுதாகும். எந்தத் தலைவலியும் வேண்டாம், ஊருக்குள் ஓடினால் போதும் என்பவருக்கு டர்போ இல்லாத பெட்ரோல்தான் என் சிபாரிசு.

படி 5: ஓட்டிப் பாருங்கள்

இரண்டையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள். தனியாகப் போகாதீர்கள். வழக்கமாக எத்தனை பேர் ஏறுவீர்களோ அத்தனை பேரையும் ஏற்றி, ஏசியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மேடு இருக்கும் சாலையைத் தேர்ந்தெடுங்கள்.

டீசல் எஞ்சினின் பலம் நிமிடத்துக்கு 1,500 முதல் 2,500 சுற்றுக்குள் இருக்கும். அந்த இடத்தில் கியரைக் குறைக்காமலே மேட்டில் ஏறும், பாரம் தெரியாது. அதற்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளாது. மெதுவாகத் திரும்பி இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பாருங்கள். ஒரு கணம் ஒன்றுமே நடக்காமல் பிறகு குப்பென்று கிளம்பும். அந்த ஒரு கணம் உங்களுக்கு எரிச்சலாக இருக்கிறதா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. டர்போ இல்லாத பெட்ரோல் இதற்கு நேர்மாறு. கிளம்புவதில் தடுமாற்றம் இருக்காது, சத்தமும் அதிர்வும் குறைவு. ஆனால் மேட்டில் ஆள்பாரத்தோடு ஏறும்போது கியரைக் குறைத்து 4,000 சுற்று வரை ஓட்டினால்தான் சக்தி வரும். மலைப்பாதை, முழுப் பாரம், இழுவை வண்டி என்று அடிக்கடி போகிறவர்களுக்கு டீசலின் பக்கம் நியாயம் இருப்பது இங்கேதான்.

படி 6: உங்கள் ஊரின் விதிகளைக் கேளுங்கள்

டீசல் எஞ்சினில் காற்று எப்போதும் தேவைக்கு மேல் இருக்கும். அந்தச் சூட்டில் காற்றில் உள்ள நைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்ஸைடுகள் உண்டாகின்றன. பெட்ரோல் எஞ்சினில் காற்றும் எரிபொருளும் சரியான அளவில் கலப்பதால், புகைக்குழாயில் நச்சு வாயுக்களை மாற்றும் சாதாரண கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரே இவற்றைச் சமாளித்துவிடும். டீசலில் மிஞ்சும் ஆக்ஸிஜன் அந்த வேலையைக் கெடுத்துவிடுவதால்தான் யூரியாக் கரைசல் வந்தது. ஐரோப்பாவின் யூரோ 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி, இந்த ஆக்ஸைடுகளில் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 60 மில்லிகிராமும், டீசலுக்கு 80 மில்லிகிராமும் அனுமதிக்கிறது.

2015-இல் ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனையில் மட்டும் சுத்தமாகக் காட்டும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது அமெரிக்காவில் அம்பலமானது. அதற்குப் பிறகு டீசல் மீதான நம்பிக்கை சரிந்தது. ஹாம்பர்க் 2018-இல் சில சாலைகளில் பழைய டீசல் கார்களைத் தடுத்தது. லண்டனில் 2019-இல் வந்த மாசுக் கட்டண விதிப்படி, பெட்ரோல் கார் அதற்கு முந்தைய யூரோ 4 தரத்தில் இருந்தால் போதும், டீசல் கார் யூரோ 6 தரத்தில் இருந்தால்தான் கட்டணம் இல்லை. 2015-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்ற புதிய கார்களில் ஏறக்குறையப் பாதி டீசல். 2023-இல் அது ஏழில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. வால்வோ 2024-இல் டீசல் கார் தயாரிப்பதையே நிறுத்திவிட்டது.

நீங்கள் இருக்கும் ஊரில் டீசல் காருக்கு வயது வரம்பு உண்டா, தனி வரி உண்டா, ஊருக்குள் நுழையக் கட்டணம் உண்டா என்று வாங்குவதற்கு முன் விசாரியுங்கள். இன்று இல்லாவிட்டாலும் நீங்கள் விற்கும் வருடத்தில் வரலாம். பத்து வருடம் வைத்திருக்க நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் அதிகமாகவே யோசிக்க வேண்டும்.

படி 7: பழைய கார் என்றால்

பழைய டீசல் காரில் மீட்டர் குறைவாக இருப்பது நல்ல செய்தி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். எட்டு வருடத்தில் 40,000 கிலோமீட்டர் மட்டும் ஓடிய டீசல் காரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். அது ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டிப் பயணங்களாக ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். அதே வயதில் 1,40,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடி, சர்வீஸ் புத்தகம் ஒழுங்காக இருக்கும் கார் பல நேரம் அதைவிட ஆரோக்கியமாக இருக்கும்.

பார்க்கப் போகும்போது, வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். சூடாக இருந்தால், ஆறிய எஞ்சினில் தெரியும் கோளாறை மறைக்கிறார்களோ என்று யோசியுங்கள். ஸ்டார்ட் செய்யும்போது ஒருவரைப் பின்னால் நிற்க வையுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்புப் புகை என்றால் எரிபொருள் சரியாக எரியவில்லை. எஞ்சின் சூடான பிறகும் அடர்த்தியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறதா என்று பார்க்க வேண்டும். ஆயில் குச்சியை இழுத்து அளவையும் வாடையையும் சோதியுங்கள்.

பிறகு ஒரு வெள்ளைத் துணியை விரலில் சுற்றி, ஆறிய சைலன்சர் வாய்க்குள் விட்டுத் துடையுங்கள். வடிகட்டி உள்ள டீசல் காரில் துணி ஏறக்குறையச் சுத்தமாக வர வேண்டும். மை போலக் கரி ஒட்டினால் வடிகட்டி உடைந்திருக்கிறது அல்லது கழற்றப்பட்டிருக்கிறது. பேரம் பேசாமல் திரும்பிவிடுங்கள். பெட்ரோல் காருக்கு இந்தச் சோதனை பொருந்தாது. நேரடியாகப் பீய்ச்சும் பெட்ரோல் எஞ்சின்களில் சைலன்சர் வாய் கறுப்பாக இருப்பது சகஜம். கடைசியாக ஒரு நல்ல மெக்கானிக்கை அழைத்துப் போய், கணினியை இணைத்து வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசியாக எப்போது எரித்துச் சுத்தம் செய்தது என்று படிக்கச் சொல்லுங்கள்.

படி 8: வாங்கிய பிறகு

பெட்ரோல் காரில் புதிதாகப் பழக வேண்டியது அதிகமில்லை. கையேட்டில் சொன்ன ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோல் போதும், அதற்கு மேல் காசு கொடுப்பதால் சாதாரண எஞ்சினுக்குப் பலனில்லை.

டீசல் என்றால் சில பழக்கங்கள் வேண்டும். எஞ்சின் சூடேறும் வரை விரட்டாதீர்கள். நெடுஞ்சாலையில் வேகமாக வந்தவுடன் படக்கென்று அணைக்காமல் அரை நிமிடம், ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டால் டர்போவுக்கு நல்லது. டேங்கை அடிமட்டம் வரை காயவிடாதீர்கள். உறைபனி விழும் ஊர்களில் டீசலில் மெழுகு கட்டி ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். அங்கே குளிர்கால டீசல் என்று தனியாகக் கிடைப்பதைத்தான் நிரப்ப வேண்டும்.

பெட்ரோல் வண்டியிலிருந்து டீசலுக்கு மாறுகிறவர்கள் பம்பில் ஒவ்வொரு தடவையும் வாய்விட்டு "டீசல்" என்று சொல்லுங்கள். துப்பாக்கியையும் ஒரு பார்வை பாருங்கள். பல இடங்களில் டீசல் துப்பாக்கியின் மூக்கு தடியாக இருப்பதால் பெட்ரோல் காரின் வாய்க்குள் நுழையாது. ஆனால் பெட்ரோல் துப்பாக்கி டீசல் டேங்கில் சுலபமாக நுழைந்துவிடும், ஆபத்து அங்கேதான். டீசல் பம்புக்கு டீசலே மசகு. அதில் பெட்ரோல் கலந்தால் பம்பு காய்ந்து உரசும். உரசிய உலோகத் தூள் இன்ஜெக்டர் வரை போகும். தப்பாக நிரப்பிவிட்டது தெரிந்தால் சாவியைத் தொடாதீர்கள், பட்டனை அழுத்தாதீர்கள். வண்டியை நியூட்ரலில் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை முழுவதுமாக வடிக்க ஆள் கூப்பிடுங்கள். ஸ்டார்ட் செய்யாத வரைக்கும் செலவு டேங்க் வடிக்கும் கூலியோடு முடிந்துவிடும்.